இன்ஜின் மாற்றிய காரில் பெட்ரோல் குழாய்க் கசிவு: கண்டுபிடிப்பது முதல் சோதித்து முடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

கார்புரேட்டர் இன்ஜினை இறக்கிவிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ இன்ஜினை ஏற்றிய வண்டிகளில், வேலை முடிந்து சாவி கைக்கு வந்த சில நாள்களிலேயே பெட்ரோல் வாடை வரத் தொடங்குவது அடிக்கடி நடக்கிறது. பழைய மாருதி ஜிப்ஸியில் ஜிப்ஸி கிங்கின் 1.3 லிட்டர், 16 வால்வு இன்ஜினை ஏற்றுவது இவ்வகை மாற்றத்துக்குப் பலரும் அறிந்த உதாரணம். கீழே உள்ள வரிசை அப்படிப்பட்ட வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மற்ற பெட்ரோல் கார்களுக்கும் சிறு மாறுதல்களோடு பொருந்தும். டீசல் வண்டிகளுக்கு இதைப் பின்பற்ற வேண்டாம். காமன் ரெயில் டீசலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும் என்பதால், கசிவைக் கையால் தடவிப் பார்ப்பவரின் தோலைத் துளைத்து டீசல் உள்ளே பாய்ந்துவிடும்.

கசிவுக்கு அடிப்படைக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கார்புரேட்டர் வண்டியில் இன்ஜினோடு ஓடும் மெக்கானிக்கல் பம்ப் 3 முதல் 5 பிஎஸ்ஐ அழுத்தமே தரும். எம்பிஎஃப்ஐ அமைப்பிலோ மின்சாரப் பம்ப் 36 முதல் 43 பிஎஸ்ஐ வரை, அதாவது 2.5 முதல் 3 பார் வரை, குழாயில் நிறுத்தி வைக்கும். இன்ஜின் புதிது; டேங்கிலிருந்து அதுவரை வரும் ஹோஸ், கிளிப், ஃபில்டர் எல்லாம் பழைய அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே சொட்டுகிற ஓர் இடத்தை மட்டும் மாற்றினால் அடுத்த பலவீனமான இடம் சொட்டத் தொடங்கும். பம்புக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள பாதை முழுவதையும் ஒரே அமைப்பாகக் கருதிச் சரிசெய்வதே இந்த வேலையின் சாரம்.

1. இடத்தைத் தயார் செய்தல்

வண்டியைக் காற்றோட்டமான, சமதளமான இடத்தில் நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். அதனால் சர்வீஸ் பிட் வைத்த பட்டறையில் இந்த வேலையைப் பிட்டுக்கு மேல் நிறுத்திச் செய்யக் கூடாது. ஜாக்கியில் தூக்கி, கட்டாயமாக ஸ்டாண்டு கொடுத்து, கீழிருந்து வேலை செய்வதே நல்லது.

பெட்ரோல் ஆவி பற்றுவதற்கு வெப்பம் தேவையில்லை. சுழியத்துக்கு 40 டிகிரி கீழே இருந்தாலும் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் பொருள் அது. சிகரெட்டை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். பக்கத்தில் வெல்டிங் நடப்பதையும், கிரைண்டர் ஓடுவதையும், தொங்கவிட்ட குண்டு பல்பையும்தான் மறந்துவிடுவார்கள். குண்டு பல்பின் மேல் ஒரு சொட்டு விழுந்தாலே கண்ணாடி வெடித்து இழை வெளியே வந்துவிடும். பேட்டரியில் ஓடும் எல்இடி டார்ச்சைப் பயன்படுத்துங்கள்.

ஏபிசி வகை உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அது வண்டிக்குப் பின்னால் வேண்டாம்; தீப்பிடித்தால் நீங்கள் ஓடும் திசையில் இருக்கட்டும். தண்ணீர் வாளியை நம்ப வேண்டாம். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சைலன்சர் மேனிஃபோல்டு சூடாக இருக்கும்போது குழாயைக் கழற்றுவது தற்கொலைக்குச் சமம்.

2. கையில் இருக்க வேண்டியவை

வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கடைக்கு ஓடுவதால் நேரம் மட்டும் வீணாவதில்லை. திறந்த குழாய் வாயில் தூசி புகும். அதைச் செருகி வைக்காமல் போனால் டேங்கிலிருந்து பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். எனவே பொருள்கள் எல்லாம் வந்த பிறகே முதல் கிளிப்பைத் தளர்த்துங்கள்.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தரக்குறி அச்சிடப்பட்ட, இன்ஜெக்ஷனுக்கான ஹோஸை வாங்குங்கள். கடையில் "பெட்ரோல் டியூப்" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஆர்7 வகையோ, எந்த அச்சும் இல்லாத சாதாரண ரப்பரோதான் கைக்கு வரும். ஆர்7 வகை 50 பிஎஸ்ஐ வரை வேலை செய்யும் என்று கணக்கில் இருந்தாலும், எம்பிஎஃப்ஐ அமைப்பில் அது விளிம்பிலேயே ஓட வேண்டியிருக்கும்; ஆர்9 வகைக்கு அந்த வரம்பு 100 பிஎஸ்ஐ. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் துண்டுக்கு இரண்டுமே உதவாது. ஆர்9 ஹோஸின் வெளியுறை பெட்ரோலில் ஊறிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல; அங்கே ஆர்10 வகையைத்தான் போட வேண்டும்.

நாட்டில் விற்கும் பெட்ரோல் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எத்தனாலுக்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் முதலில் ஊதி மிருதுவாகும், பிறகு காய்ந்து வெடிக்கும். பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களிலிருந்து வாங்கிய இன்ஜினோடு ஒட்டிக்கொண்டே வரும் ஹோஸ் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதை அப்படியே மாட்டுவது வீண் ஆபத்து. அது எத்தனை காலம் எந்த வெயிலில் காய்ந்து கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது.

கிளிப்பில் இரண்டு வகை உண்டு. பட்டையில் துளைகள் வெட்டப்பட்டு, ஸ்க்ரூவின் பற்கள் அதில் கடித்து இறுகும் சாதாரண கிளிப், உயர் அழுத்த ஹோஸின் மேற்பரப்பை அறுத்துவிடும். பட்டை வழுவழுப்பாக, ஓரங்கள் மேல் நோக்கி மடிக்கப்பட்டு, நட்டு போல்ட்டால் இறுகும் இன்ஜெக்ஷன் கிளிப்பைக் கேட்டு வாங்குங்கள். இவை தவிர, அழுத்தமானி, ஹோஸைக் கசக்காமல் நெரிக்கும் பிளையர், கூர்மையான ஹோஸ் கட்டர், நைட்ரைல் கையுறை, மூடியுள்ள உலோகக் கேன், பஞ்சுத் துணி, டிஷ்யூ பேப்பர் ஆகியவை போதும். பஞ்சோ போல்ட்டு (பெட்ரோல் உள்ளே ஓடும்படி துளையிட்ட போல்ட்டு) உள்ள வண்டியாக இருந்தால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு புதிய வாஷர்.

3. குழாய்ப் பாதையைக் காகிதத்தில் வரைதல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். பிறகு சுற்றிச் சுற்றி வருகிறவர்களும் அவர்களே. டேங்கில் தொடங்கி இன்ஜின் வரையும், அங்கிருந்து திரும்பி டேங்க் வரையும் பாதையை வரையுங்கள். ஒவ்வொரு ஹோஸ், ஒவ்வொரு ஃபில்டர், ஒவ்வொரு இணைப்பும் அதில் இடம்பெற வேண்டும்.

வரைந்த பிறகு மூன்று பகுதிகளாக அடையாளம் இடுங்கள். டேங்கிலிருந்து பம்ப் வரை உறிஞ்சும் பகுதி. பம்பிலிருந்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் ஃபியூல் ரெயில் வழியாக, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வரை அழுத்தப் பகுதி. ரெகுலேட்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் பகுதி. ஒவ்வொன்றும் கசியும் விதம் வேறு என்பதால்தான் இந்தப் பிரிப்பு.

அழுத்தப் பகுதியில் கசிவு பீய்ச்சும் அல்லது பனிபோல் தூவும். திரும்பும் பகுதியில் மெல்லச் சொட்டும். உறிஞ்சும் பகுதியில் நடப்பதுதான் புதியவர்களைக் குழப்புகிறது. வண்டி ஓடும்போது அங்கே பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இன்ஜின் இழுவையில் திக்கும், பம்ப் வழக்கத்தைவிட உரக்கச் சத்தமிடும். நிறுத்தி வைத்த பிறகு, டேங்கில் பெட்ரோல் மட்டம் இணைப்பைவிட உயரமாக இருந்தால் மட்டுமே சொட்டும். அரை டேங்க் இருக்கும்போது கசியாமல், நிரப்பிய அன்று மட்டும் கசியும் வண்டியில் முதலில் இந்தப் பகுதியையும், டேங்கின் மேலுள்ள, பெட்ரோல் அளவைக் காட்டும் சென்டர் (sender) கருவியின் கேஸ்கெட்டையும், ஊற்று வாயின் பெரிய ரப்பர் ஹோஸையும் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பழைய கார்புரேட்டர் ஃபில்டர். உள்ளே காகிதம் தெரியும் அந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபில்டர் பம்புக்குப் பிறகு, அழுத்தப் பகுதியில் மாட்டப்பட்டிருந்தால் வேறெதையும் தேடாமல் அதை முதலில் கழற்றிவிடுங்கள். 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அதன் ஒட்டு பிரிந்து, வெடித்தே போகும். அது பம்புக்கு முன்னால் இருக்கலாம். பின்னால் உலோக உடலுள்ள இன்ஜெக்ஷன் ஃபில்டர் மட்டுமே இருக்க வேண்டும்.

4. கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. பெட்ரோல் ஹோஸின் அடிப்பக்கமாக ஊர்ந்து, சேசிஸ் விளிம்பில் ஓடி, எங்கோ ஒரு போல்ட்டுத் தலையில் தேங்கிச் சொட்டும். முன் சக்கரத்தருகே சொட்டுகிறது என்று அங்கேயுள்ள ஹோஸை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு, ஒன்றரை அடி மேலே ஃபயர்வால் (இன்ஜின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் நடுவிலுள்ள தகடு) அருகில் இருக்கும் இணைப்பு கண்ணில் படுவதில்லை. எப்போதும் ஈரத்தின் மிக உயரமான புள்ளியைத் தேடுங்கள்.

முதலில் பாதை முழுவதையும் துணியால் துடைத்து உலரவிடுங்கள். துடைக்குமுன் ஒரு முறை டார்ச்சு அடித்துப் பார்ப்பது நல்லது. நாள்பட்ட கசிவைச் சுற்றி இரண்டு அடையாளங்கள் தெரியும்: சுற்றிலும் புழுதி படிந்திருக்க, அந்த ஓர் இடம் மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருக்கும், அதன் ஓரத்தில் காய்ந்த தேநீர்க் கறை நிறத்தில் மெல்லிய கோடு ஓடும்.

பிறகு ஒருவர் சாவியருகே, ஒருவர் பானெட் அருகே நிற்க வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பினால் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி அழுத்தத்தை ஏற்றிவிட்டு நிற்கும். ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் மீண்டும் ஓடும். ஐந்தாறு முறை இப்படிச் செய்து, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ பேப்பரைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தையும் அது காட்டிக்கொடுக்கும். பீய்ச்சுவது தெரிந்தால் "ஆஃப்" என்ற ஒரே சொல்லைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சாவியை ஆன் செய்தவுடன் பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், இன்ஜின் மாற்றியவர் பம்பை நேரடியாக இக்னிஷன் வயரில் கொடுத்திருக்கிறார் என்று பொருள். இது கசிவைவிடப் பெரிய ஆபத்து. விபத்தில் குழாய் அறுந்து இன்ஜின் நின்ற பிறகும், சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இன்ஜின் சுற்றுவது நின்றால் பம்பை நிறுத்தும் வேலை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவின் கையில், ரிலே வழியாக, இருக்க வேண்டும். குழாய் வேலையோடு சேர்த்து இதையும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் சரிசெய்யாமல் வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள்.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் வாடை மட்டும் இருக்கிறது என்றால், ரெகுலேட்டரின் மேலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் மெல்லிய வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் ஈரமாகப் பெட்ரோல் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. அதைப் பழுதுபார்க்க முடியாது; மாற்ற வேண்டியதுதான். டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் சார்கோல் கேனிஸ்டரின் ஹோஸ்கள் இன்ஜின் மாற்றத்தின்போது மாட்டப்படாமல் திறந்து கிடப்பதும் இதே போன்ற வாடையைத் தரும்.

5. அழுத்தத்தை இறக்குதல்

இடம் தெரிந்துவிட்டது என்பதற்காக உடனே ஸ்பேனரைப் போட வேண்டாம். இன்ஜின் அணைந்து பல மணி நேரம் ஆகியிருந்தாலும் அழுத்தப் பகுதியில் பெட்ரோல் இறுகி நிற்கும். அந்த நிலையில் கழற்றினால் நேராக முகத்தில் அடிக்கும்.

டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். வெயிலில் நின்ற டேங்கில் சேர்ந்த ஆவியழுத்தம் போகும். கசிவு சிறியதாக இருந்தால், பம்பின் ரிலேயையோ ஃப்யூஸையோ எடுத்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அது தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று நொடி மறுபடி சுழற்றுங்கள். பீய்ச்சும் அளவுக்குக் கசிவு இருக்கும் வண்டியை மட்டும் இப்படி ஓட்டக் கூடாது. ரிலேயை எடுத்துவிட்டு, இணைப்பைத் துணியால் நன்றாகச் சுற்றி, மெல்ல மெல்லத் தளர்த்தி, துணியிலும் கேனிலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். வரிசை முக்கியம்: சாவி ஆஃப், வாடை கலைய நேரம், அதன் பிறகே பேட்டரி. ஏதேனும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும், முனையைக் கழற்றும் கணத்தில் சிறு பொறி தெறிக்கும். கசிந்த பெட்ரோலின் ஆவி சூழ்ந்திருக்கும்போது அந்தப் பொறி போதும்.

6. பழைய ஹோஸைக் கழற்றுதலும் படித்தலும்

ஹோஸ் பல ஆண்டுகளாக உலோகக் குழாயில் ஒட்டிப்போயிருக்கும். பிளையரால் பிடித்து இழுத்தால் குழாயின் நுனி நெளியும், பிறகு எந்தப் புதிய ஹோஸும் அங்கே நிற்காது. எப்படியும் தூக்கிப் போடப் போகும் ஹோஸ்தான். பிளேடால் நீளவாக்கில் மேலோட்டமாகக் கீறி உரித்தெடுங்கள். கீறல் உலோகத்தைத் தொடக் கூடாது, ஏனென்றால் குழாயில் நீளவாக்கில் விழும் ஒரு மயிரிழைக் கோடுகூட நிரந்தரக் கசிவு வழியாகிவிடும்.

கழற்றியதை உடனே வீசிவிடாதீர்கள். உள்ளே மிருதுவாகிக் கூழாகியிருந்தால் எத்தனாலின் வேலை. வளைத்தால் நுண்ணிய வெடிப்புகள் விரிந்தால் வெப்பமும் வயதும். கிளிப் இருந்த இடத்தில் வட்டமாக அறுந்திருந்தால் கிளிப் தவறானது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நூலிழை தெரிந்தால், எதிலோ உரசியிருக்கிறது. புதிய ஹோஸையும் அதே வழியில் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

திறந்த குழாய் வாய்களை உடனே மூடுங்கள். துணியைத் திணித்தால் நூல் உள்ளே போகும். ஒரு முனையில் போல்ட்டு செருகிக் கிளிப் போட்ட குட்டி ஹோஸ் துண்டு இதற்குப் போதும்.

7. உலோகக் குழாயைச் சரிபார்த்தல்

சேசிஸ் ஓரமாகப் போகும் எஃகுக் குழாயில் துரு பெரும்பாலும் தாங்கு கிளிப்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், அங்கேதான் ஈரமும் மண்ணும் தேங்குகின்றன. கிளிப்பைக் கழற்றி, நகத்தால் சுரண்டி, குழி விழுந்திருந்தால் அந்தக் குழாயை முழு நீளத்துக்கும் மாற்றிவிடுங்கள். அழுகிய இடத்தை மட்டும் வெட்டிவிட்டு ஹோஸால் இணைப்பது பரவலான பழக்கம். அதனால் ஒரு கசிவு போய் இரண்டு இணைப்புகள் வருகின்றன.

மாற்றுக் குழாயாகச் செம்பைப் போடக் கூடாது. அதிர்வில் செம்பு கடினமாகி ஒரு நாள் சத்தமில்லாமல் விரியும். பிரேக்குக்கும் எரிபொருளுக்கும் என்று விற்கும், துரு எதிர்ப்புப் பூச்சுள்ள எஃகுக் குழாய் அல்லது செம்பு நிக்கல் கலவைக் குழாய் சரியானது. ஹேக்சா பிளேடால் அறுத்தால் உலோகத் துகள் உள்ளே போய் இன்ஜெக்டரை அடைக்கும். சக்கரக் கட்டரால் வெட்டி, உள்விளிம்பை வழித்து, உள்ளே துடைத்தெடுங்கள்.

ஹோஸ் மாட்டும் நுனியில் சிறு மேடு ஒன்று சுற்றிலும் எழுப்பப்பட்டிருக்க வேண்டும். 4 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வழுவழுப்பான குழாயில் மாட்டிய ஹோஸ் கிளிப்பின் பிடியில் நின்றுவிடும். 40 பிஎஸ்ஐயில் அது மெல்ல நழுவி, பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான், கழன்று விழும். மேடு எழுப்பும் கருவி உங்களிடம் இல்லையென்றால் பிரேக் குழாய் வேலை செய்யும் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

எம்-சீல், பற்றவைப்பு, ரப்பர் டியூப்பைச் சுற்றிக் கட்டுவது ஆகிய எதுவும் அழுத்தப் பகுதியில் பழுதாகக் கணக்கில் வராது. பெட்ரோல் ஓடிய குழாயில் நெருப்பு வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

8. புதிய ஹோஸை மாட்டுதல்

அளவில் ஏமாறாதீர்கள். போகும் குழாய் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர், திரும்பும் குழாய் 6 மில்லிமீட்டர் என்று இருந்தாலும், மாற்றிய இன்ஜினின் ரெயிலில் வேறு அளவு இருக்கக்கூடும். இரண்டு முனைகளையும் வெர்னியரால் அளந்து வாங்குங்கள். பெரிய ஹோஸைச் சிறிய குழாயில் மாட்டிக் கிளிப்பை இறுக்கினால் ரப்பர் ஓரிடத்தில் மடியும். அந்த மடிப்புக்குள் பெட்ரோல் வழி கண்டுகொள்ளும். அளவு வேறுபட்டால் இரு முனையும் மேடுள்ள உலோக ரெடியூசர் போடுங்கள்.

வெட்டு செங்குத்தாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். உள்ளே ஊதிப் பார்த்து, ரப்பர் துகள் இல்லை என்று உறுதி செய்யுங்கள். கிளிப்பை முதலில் ஹோஸில் கோத்துவிட்டு, குழாய் நுனியில் ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயில் தடவி, மேட்டைத் தாண்டிக் குறைந்தது 25 மில்லிமீட்டர் உள்ளே போகும்வரை தள்ளுங்கள். கிரீஸ், சோப்பு நீர் வேண்டாம்.

கிளிப் உட்கார வேண்டிய இடம் மேட்டுக்குப் பின்னால். மேட்டின் மேலேயே இறுக்கினால் பிடி இருக்காது. ஹோஸின் நுனி ஓரத்தில் இறுக்கினால் ரப்பர் கிழியும். பட்டையின் இரு பக்கமும் ரப்பர் இலேசாகப் புடைத்து எழும்வரை இறுக்கினால் போதும். ரப்பர் பட்டைக்கு மேலாகப் பிதுங்கினால் அதிகமாகிவிட்டது. மிகுந்த பலத்தால் இறுக்கிய கிளிப், முதல் நாள் கசியாமல் இருந்து, ரப்பரை உள்ளுக்குள் அறுத்துச் சில மாதங்களில் கசியும்.

9. இன்ஜின் பக்கத்து இணைப்புகள்

பஞ்சோ போல்ட்டு உள்ள இடத்தில் இரு பக்கமும் இருக்கும் வாஷர்கள் ஒரு முறை நசுங்கிவிட்டால் மறுமுறை அடைப்பதில்லை. கழற்றிய ஒவ்வொரு முறையும் புதியதைப் போடுங்கள். உட்காரும் முகங்களில் பழைய வாஷரின் துகள் ஒட்டியிருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள்.

கூம்பு வாய் வைத்த நட்டுகளில் டெஃப்லான் டேப் சுற்றுவது பழகிப்போன தவறு. அங்கே அடைப்பது திருகு மரையல்ல, உலோகத்தின் மேல் உலோகம் அழுந்தும் கூம்பு முகம். டேப் அதற்கு எதுவும் செய்வதில்லை. பிய்ந்த இழைகள் இன்ஜெக்டருக்குள் போவதுதான் மிச்சம்.

கிளிக்கென்று மாட்டும் பிளாஸ்டிக் கப்ளரில், உள்ளேயுள்ள ஓ-ரிங்கையும் பூட்டும் பல்லையும் டார்ச்சில் பாருங்கள். இன்ஜினை இறக்கி ஏற்றும்போது இந்தப் பல் உடைவது சகஜம், உடைந்தும் சத்தத்தோடு மாட்டிக்கொள்வதால் யாரும் கவனிப்பதில்லை. மாட்டிய பிறகு பின்னோக்கி ஒரு முறை இழுத்துப் பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான்.

ரெயிலைக் கழற்றி மாட்டியிருந்தால் இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளின் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். உலர்ந்த ஓ-ரிங்கை அப்படியே அழுத்தினால் அதன் விளிம்பில் பிறை வடிவில் ஒரு சிறு துண்டு சீவப்படும். கையில் வைத்து விரித்துப் பார்த்தால்தான் தெரியும் அந்தக் காயம், இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் மட்டும் கசியும். சூடேறியதும் ரப்பர் விரிந்து தானே அடைத்துக்கொள்வதால், பட்டறைக்கு வண்டி வந்து சேரும்போது கசிவு இருக்காது. எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ஓ-ரிங் போட்டு, இன்ஜின் ஆயில் தடவி, நேராக அழுத்தி, மாட்டிய பின் இன்ஜெக்டர் கையால் இலேசாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் ஓ-ரிங் நெரிந்திருக்கிறது. கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

10. குழாயைப் போடும் வழி

இன்ஜின் மவுண்டிங் ரப்பரின் மேல் நிற்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது பக்கவாட்டில் திரும்பும். சேசிஸோ அசையாது. இரண்டுக்கும் நடுவே உலோகக் குழாயை நேரடியாக இணைத்தால் அது விரிவது உறுதி. கடைசிப் பகுதி வளையும் ஹோஸாக, இன்ஜின் இரு பக்கமும் அசைந்தாலும் இறுகாத அளவுக்குத் தொய்வோடு இருக்க வேண்டும். தொய்வு அதிகமாகி விசிறியையோ பெல்ட்டையோ தொடக் கூடாது.

சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். இடமில்லையென்றால் நடுவில் தகடு வையுங்கள். புதிய இன்ஜினில் மேனிஃபோல்டு பழையது இருந்த பக்கத்தில் இல்லாமல் போகலாம். பழைய குழாய் வழியையே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தகட்டுத் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் போட்டு, முழு நீளத்திலும் ஓர் அடிக்கு ஒரு முறை ரப்பர் உள்ளுறை வைத்த கிளிப்பால் தாங்குங்கள்.

பம்ப் டேங்குக்கு வெளியே இருந்தால் டேங்கின் அருகிலும், அதன் மட்டத்துக்குக் கீழேயும் இருக்கட்டும். இன்ஜெக்ஷன் பம்ப் தள்ளுவதில் வல்லது, உறிஞ்சுவதில் இல்லை. இன்ஜின் அறையில் மாட்டிய பம்ப் சூட்டில் காற்றுப் பிடித்துச் சீக்கிரம் பழுதாகும்.

திரும்பும் குழாயை ஊதிப் பாருங்கள். அது அடைபட்டோ நெரிந்தோ இருந்தால் ரெகுலேட்டரால் அழுத்தத்தை இறக்க முடியாது. ரெயிலில் அழுத்தம் ஏறி, நீங்கள் இப்போது சரியாக மாட்டிய இணைப்பே கசியும்.

11. படிப்படியான சோதனை

பேட்டரியை மாட்டுமுன் சிந்திய பெட்ரோலைத் துடைத்து, வாடை கலையும்வரை பொறுத்திருங்கள். சோதனைக்காகக் குழாயிலோ டேங்கிலோ கம்ப்ரஸர் காற்றைச் செலுத்த வேண்டாம்; பெட்ரோல் இருந்த டேங்கில் காற்றைக் கலப்பது வெடிமருந்து தயாரிப்பதாகும்.

முதலில் சாவியை மட்டும் ஆன் ஆஃப் செய்து, நான்காம் படியில் செய்ததுபோல் எல்லா இணைப்புகளையும் டிஷ்யூவால் தொட்டுப் பாருங்கள். அழுத்தப் பகுதியில் மாட்டிய அழுத்தமானி வண்டியின் கையேட்டில் உள்ள அளவைக் காட்ட வேண்டும்.

பின்பு பத்து நிமிடம் அப்படியே விட்டு முள்ளைக் கவனியுங்கள். மெல்ல இறங்குவது இயல்பு. மளமளவென்று விழுந்தால், பம்பை மீண்டும் ஓட்டி அழுத்தத்தை ஏற்றி, உடனே பம்பிலிருந்து வரும் ரப்பர் ஹோஸை நெரிக்கும் பிளையரால் பிடியுங்கள். முள் நின்றால் கோளாறு பம்பின் உள் வால்வில். நிற்காவிட்டால் அதை விட்டுவிட்டுத் திரும்பும் ஹோஸைப் பிடியுங்கள். இப்போது நின்றால் ரெகுலேட்டர். இரண்டிலும் நிற்காவிட்டால் ஏதோ ஓர் இன்ஜெக்டர் சிலிண்டருக்குள் சொட்டுகிறது, அல்லது வெளிக்கசிவு ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. இன்ஜெக்டர் சந்தேகம் வந்தால் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் ஆயிலையும் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயை ஒருபோதும் நெரிக்காதீர்கள், அது நெரிந்த இடத்தில் விரியும்.

அடுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் மேனிஃபோல்டு வேக்குவத்தால் அழுத்தம் சற்றுக் குறைந்தே இருக்கும். ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அதன் வாயை விரலால் மூடினால் அழுத்தம் உயரும். முழு இழுவையில் குழாய் தாங்க வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ அதுதான். அந்த நிலையில் இணைப்புகளைப் பாருங்கள். பிறகு ஒருவர் ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு மிதிக்க, இன்ஜின் திரும்பும்போது ஹோஸ் எங்கும் இறுகவோ உரசவோ இல்லை என்று மற்றவர் கவனிக்க வேண்டும்.

நன்றாகச் சூடேற்றி அணைத்த பின் இருபது நிமிடம் கழித்து ஒரு முறை பாருங்கள். விசிறி நின்றபின் பானெட்டுக்குள் வெப்பம் உயர்வதால், ஓடும்போது தாங்கிய இணைப்பு அப்போது கசியலாம். மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினில், ஸ்டார்ட் செய்யுமுன் சாவியை மட்டும் ஆன் செய்து கடைசிச் சோதனை. இதில் தேறிய வண்டியையே சாலையில் எடுக்க வேண்டும்.

12. ஓட்டத் தொடங்கிய பிறகு

முதல் சில நாள்கள் வண்டியை மூடிய கேரேஜில் நிறுத்தாமல் திறந்த இடத்தில், அடியில் அட்டை விரித்து நிறுத்துங்கள். அட்டையில் விழும் கறை எந்த இணைப்புக்கு நேர்கீழே என்பதைக் காட்டும். பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் அது கரைத்துக் கொண்டுவந்த அழுக்கு தங்கிவிடும்.

ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடியதும், இன்ஜின் ஆறிய நிலையில், கிளிப்புகளைத் தொட்டுப் பாருங்கள். புதிய ரப்பர் கிளிப்புக்கு அடியில் சற்று அமுங்குவதால் கால் சுற்று தளர்வு தெரியலாம். அதை மட்டும் இறுக்கினால் போதும். பெட்ரோல் நனைந்த துணிகளை மூலையில் குவித்து வைக்காமல், விரித்து வெளியில் காயவிட்டு, மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டு அகற்றுங்கள். கேனில் பிடித்த பெட்ரோலில் துருவோ ரப்பர் துகளோ மிதந்தால், அது டேங்குக்குத் திரும்பக் கூடாது.